வாசலுக்கு வெளியே ஒரு மஞ்சள் வேட்டி

நாகராசு மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் காப்புமாக வந்து நின்றபோது, திலகவதியின் அடுப்பில் முந்திரிக்கொட்டை தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. பதற வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டை தீப்பிடித்துத்தான் ஆக வேண்டும். அடியில் ஓட்டை போட்ட சட்டியில் கொட்டையைப் போட்டுக் கீழே விறகை எரியவிட்டால், தோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து குப்பென்று பிடிக்கும். கரும்புகை ஆளையே மறைக்கும். சரியான நேரம் பார்த்துச் சட்டியை மண்ணில் கவிழ்த்துத் தண்ணீர் தெளித்தால் பருப்பு பிழைக்கும். கொஞ்சம் அசந்தால் கரி. ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில் முந்திரி வறுத்து விற்கும் பெண்களுக்கு அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

அன்று திலகவதிக்குத் தப்பியது. ஒரு சட்டிப் பருப்பு கரியானதற்கு யார் காரணம் என்று பின்னால் பல நாள் அந்த வீட்டில் வழக்கு நடந்தது. நாகராசு காற்று என்றான். திலகவதி வேட்டி என்றாள்.

"என்னங்க இது?"

"காப்பு."

"கண்ணு தெரியுதுங்க எனக்கு. தலமுடிதான் போச்சு. எதுக்கு காப்பு?"

"ஒனக்குத்தான் புள்ள. தீச்சட்டி எடுக்குறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். நேத்துச் சாயந்தரம் கட்டிட்டாக. ராத்திரி கோயில்லதான் படுத்திருந்தேன்." சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்த பையனைப் போல நின்றான். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி நிற்பதற்கும் ஒரு மனது வேண்டும்.

திலகவதி எரிந்த சட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். எதை முதலில் தண்ணீர் தெளித்து அணைப்பது என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு. புதன்கிழமை வந்து சேரணுமாம். வெள்ளிக்கிழமை ஆபரேசன்."

நாகராசு விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டான். பிறகு மணிக்கட்டைப் பார்த்தான். மஞ்சள் கிழங்கு கட்டிய புதுக்கயிறு இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

"இந்த வெள்ளிக்கிழமையா?"

"இல்ல, ஆடி வெள்ளி. ஏங்க, எப்படா தேதி வரும், எப்படா தேதி வரும்னு நானும் போனக் கையில வச்சுக்கிட்டே திரியிறேன். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டுட்டுக் கட்டிருக்கக் கூடாதா?"

"சாமி காரியத்துல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

கேட்பதற்கு நிறைய இருந்தது. அந்த ஊரில் பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவன் பதினைந்து நாளும் இரவில் ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. இளநீரைத் தவிர வெளியில் எதுவும் சாப்பிடக் கூடாது. சாவு வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் போகக் கூடாது. ஆஸ்பத்திரி என்பது ஒரே கட்டடத்தில் சாவு வீடும் பிள்ளை பெற்ற வீடும் என்பதால் அதற்கு இரண்டு மடங்கு தடை. மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்ட மனிதன், அந்த ஆபரேஷன் நடக்கிற இடத்துக்குள் காலை வைக்க முடியாதபடி தன்னைத்தானே கட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். முடிச்சு மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

*

திலகவதியின் இடது மாரில் போன புரட்டாசியில் கட்டி தட்டுப்பட்டது. டாக்டரம்மா எவ்வளவு பெரிது என்று கேட்டபோது, "முந்திரி அளவு" என்றாள். "தோட்டோடயா, பருப்பாவா?" என்று கேட்டார் டாக்டரம்மா. அந்தக் கேள்வியிலேயே அவருக்கும் இவளுக்கும் ஒட்டிவிட்டது. கட்டியைச் சுருக்குவதற்கு முதலில் ஊசி போட்டார்கள். முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது, நகம் கறுத்தது. கட்டி சுருங்கியது. "இப்ப ஒடம்பு தேறுனதும் எடுத்துரணும். இதுக்கு மேல தள்ளிப் போடவே கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

புகையில் உட்காராதே என்றும் சொல்லியிருந்தார். திலகவதி அதை மதித்து, புகைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். காற்று திசை மாறினால் அவளும் மணையை இழுத்துக்கொண்டு மாறினாள். கொல்லையெல்லாம் முந்திரிப் பழம் பழுத்து அந்தப் புளித்த வாசனை ரோடு வரைக்கும் வரும்போது, வீட்டுக்குள் மோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க அவளால் முடியாது.

ஊசிக்குப் போகும்போதெல்லாம் நாகராசுதான் கூடப் போனான். அதாவது, போனான். முதல் தடவை நர்சு ஊசியை எடுத்தபோதே அவனுக்குக் கண் இருட்டி, திலகவதிக்கு அடுத்த கட்டிலில் அவனைப் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். "ரெண்டு பேருல நோயாளி யாருங்க?" என்று வார்டே கேட்டது. அதற்குப் பிறகு அவன் எதிரேயிருந்த டீக்கடையோடு நின்றுகொண்டான். டீக்கடைக்காரருக்கு இவர்கள் குடும்பக் கதை முழுக்கத் தெரியும்.

அவன் உள்ளே வராமல் போனதில் ஒரு நல்லது நடந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால் வல்லத்திராக்கோட்டை அன்புமொழி அதில் வந்து உட்கார்ந்தாள். தையல்காரி. ஒரு மாரை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. செக்கப்புக்கு வரும்போதெல்லாம், புதிதாக வந்து முழித்துக்கொண்டிருக்கும் ஆள் யாரென்று பார்த்து அங்கே போய் உட்காருவது அவள் வழக்கம். அவள் மூலமாகக் கந்தர்வக்கோட்டை சந்தையில் காய்கறி விற்கும் ராசாத்தி பழக்கமானாள். ராசாத்திக்கும் ஒரு பக்கம்தான். அவள் குரலுக்கு அது போதும். சந்தையில் இந்த முனையில் கூவினால் அந்த முனையில் விலை குறையும்.

*

கோயில் காரியக்காரர் பெரியண்ணனிடம் விஷயம் போனது. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே ஐகோர்ட்டு மாதிரி தீர்ப்புச் சொன்னார்.

"கட்டுன காப்ப நடுவுல அவுக்குறது ஆகாது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போலாம். உள்ள போகக் கூடாது. பொழுது சாயுறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துரணும்."

"அவ தனியா கெடப்பாளே, மாமா?"

"அத நீ கட்டுறதுக்கு முன்ன யோசிச்சிருக்கணும். கை நீட்டுனப்ப ஒன்னய யாரு புடிச்சுத் தள்ளுனா?"

மகள் அருணா கோயம்புத்தூரில் மாமியார் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். அவளை வரச் சொல்ல முடியாது. கூடப் பிறந்தவர்கள் என்று திலகவதிக்கு யாரும் கிடையாது. அன்று மத்தியானம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். திருவிழா முடியட்டும். காப்பு அவிழட்டும். அதுக்குப் பிறகு ஒரு தேதி வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு நாள் பொறுத்தோம், இன்னும் கொஞ்ச நாள்தானே. முடிவெடுத்ததும் வயிற்றிலிருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அப்படி இறங்கியதுதான் அவளுக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் அன்புமொழிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அன்புமொழி "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதிகம் பேசுகிற ஒருத்தி அப்படிச் சொன்னால், கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். வெயில் தாழ்வதற்குள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பின்னால் ராசாத்தி, மடியில் ஒரு தூக்குச்சட்டி.

"எங்க எங்கண்ணன்? அந்தக் காப்பக் கண்ணால பாக்கணும்" என்றாள் அன்புமொழி.

நாகராசு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அன்புமொழி அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். வேட்டி, வெறுங்கால், கழுத்தில் வேப்பிலை. சிரிக்க ஆரம்பித்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு என் ஆபரேசனுக்குப் பயந்து ஓடுனாரு, சோழபுரம் வரைக்கும் ஓடுனாரு. மூணாம் நாளு திரும்பி வந்துட்டாரு. நீங்க இருந்த எடத்துல இருந்துக்கிட்டே ஓடிருக்கீங்களே!"

"நான் எங்கத்தா ஓடுனேன்? அவளுக்குத்தானே…"

"சரி சரி. அழுதுறாதீங்க. காப்பு நனையும்."

ராசாத்தி தூக்குச்சட்டியைத் திறந்தாள். அவித்த முட்டை, நாட்டுக்கோழி ஈரல் வறுவல்.

"அய்யோ, மூடுக்கா!" என்றாள் திலகவதி. "காப்புக் கட்டுன வீட்டுக்குள்ள கவிச்சி ஆகாது."

"ரத்தம் ஏறலைன்னா மயக்க டாக்டரு ஒன்னய மேசையில ஏத்த மாட்டாரு. அன்னைக்குச் சொன்னாருல்ல? முட்டை திங்கச் சொல்லி? ஈரல் திங்கச் சொல்லி?"

"வீட்டுக்குள்ள கூடாதுக்கா. நெசமாத்தான்."

"அந்த ஆத்தாளே பதினஞ்சாம் நாளு கெடா கேக்குறவ. ஒனக்கு ஒரு முட்டைக்கு மறிப்பாளா? சரி, வா இங்கிட்டு."

மூன்று பெண்களும் வீட்டைவிட்டு இறங்கி, நாகராசு சரக்கு ஓட்டும் குட்டியானை வண்டிக்குப் பின்னால் போனார்கள். வண்டி திருவிழா முடியும்வரை ஓடாது. டயரில் முதுகைச் சாய்த்து திலகவதி உட்கார்ந்து, திருடித் தின்கிறவளைப் போல ஈரலைத் தின்றாள். ருசி திரும்பியிருந்தது. மிளகு காரம் தெரிந்தது. நாகராசு வீட்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது வந்தால் இருமுவதாக ஏற்பாடு. சாமிக்குக் காவல் இருக்க வேண்டியவன் ஈரலுக்குக் காவல் இருந்தான்.

"இப்பச் சொல்லு. என்னமோ தள்ளிப் போடப் போறேன்னியே?" என்றாள் அன்புமொழி. இப்போது சிரிப்பு இல்லை.

"திருவிழா முடியிற வரைக்கும்தான்."

"நானும் அப்படித்தான் சொன்னேன். நடவு முடியட்டும்னேன். நடவு முடிஞ்சா தீவாளித் தையல் வந்துச்சு. ஊருச் சட்டையெல்லாம் தச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்னு உக்காந்தேன். போனப்ப அது அக்குளுக்குப் போயிருச்சு. அப்பறம் இன்னும் ஊசி, ரேடியேசன்னு கரண்டு வச்சது, எல்லாம். எனக்குப் பாத்த நெலவழகன் டாக்டரு என்னய ஏசல. ஏசிருந்தா நல்லாருந்துருக்கும். பேசாம ஸ்கேனப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒனக்கு இப்ப சுருங்கிக் கெடக்கு. சுருங்குனது மறுபடி எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துரணும். அதுக்கு நம்ம ஊரு காப்பெல்லாம் தெரியாது திலகா."

திலகவதி விரலை நக்கித் துடைத்தாள்.

"யாரு கூட இருப்பா?" என்றாள் கடைசியில். அதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் போட்டிருந்த சட்டை.

"ஏன், நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" ராசாத்தியின் குரலுக்குப் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்தன. "அவ பகல்ல இருப்பா, நான் ராத்திரிக்கு இருப்பேன். சந்தைக்கு லீவு. எனக்கு ஆபரேசன் ஆனப்ப எங்கூட இருந்தவ யாரு? குன்றாண்டார்கோவில்ல இருந்து மூக்காயின்னு ஒருத்தி. அதுக்கு முன்ன அவ மொகத்தக்கூடப் பாத்தது கெடையாது."

"கைக்குத்தான்க்கா பயமா இருக்கு. இடது கையில கொட்டையப் புடிச்சு வலது கையால ஒடைக்கணும். எண்ணெ பட்டுப் பட்டு இந்தக் கையைப் பாருங்க. அக்குள்ல நெறிக்கட்டி எடுத்தா இந்தக் கையில ஒரு சூடுகூடப் படக் கூடாதாமே?"

"படக் கூடாது. புண்ணு ஆச்சுன்னா வீங்கும்" என்றாள் அன்புமொழி. "நான் ஊசிக்குத்துப் படாம வெரலுக்குத் தொப்பி போட்டுத் தைக்கிறேன். நீ ஒறை போட்டு ஒடை. இல்ல, வறுக்குறதுக்கும் ஒடைக்கிறதுக்கும் ஆளு வச்சுட்டு விக்கிறத மட்டும் பாரு. ஒன் வாய்க்கு விக்கிறதுதான் சரியான வேல. பயிற்சி பண்றியா?"

திலகவதி எழுந்து குட்டியானையின் பக்கத் தகட்டில் இடது கை விரல்களை வைத்து, எறும்பு ஊர்வதைப் போல மேலே மேலே ஏற்றிக் காட்டினாள். தோள் உயரம், காது உயரம், தலைக்கு மேல்.

"நல்லாப் போகுதே. ஆபரேசன் முடிஞ்சு மொதல்ல இடுப்பளவுதான் போகும். கோவம் வரும். விடாத. மூச்சுப் பயிற்சிக்குக் குடுத்த மூணு பந்து டப்பா இழுக்குறது?"

"ரெண்டு பந்து ஏறுது. மூணாவது மக்கர் பண்ணுது."

"அண்ணனக் கூப்ட்டு முன்னாடி நிக்க வச்சுக்க. கோவத்துல ஏறிரும்."

ராசாத்தி மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். தோளில் மாட்டிக்கொள்ளும்படி நீள நாடா வைத்துத் தைத்தது. ஆபரேஷன் முடிந்ததும் நீர் வடிவதற்காகப் பக்கத்தில் தொங்கும் குழாயையும் டப்பாவையும் போட்டுக்கொண்டு நடக்க. பூப்போட்ட சீட்டித் துணி. அன்புமொழி தைத்தது. கூடவே முன்னால் பட்டன் வைத்த இரண்டு ஜாக்கெட். இன்னொன்று, உள்ளங்கையளவு உருண்டையாகத் தைத்து நிரப்பியது. திலகவதி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னவென்று புரிந்ததும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இலவம்பஞ்சு. கனத்துக்கு அடியில பாசிமணி வச்சிருக்கேன். புண்ணு ஆறுனப்பறம்தான் ஜாக்கெட்டுக்குள்ள வைக்கணும்" என்றாள் அன்புமொழி. "பாசிமணிக்கு முன்ன தானியந்தான் போட்டோம். அக்காகிட்டக் கேளு அந்தக் கதைய."

"என்னத்தக் கேக்குறது" என்றாள் ராசாத்தி. "கேவுரு போட்டுத் தச்சுக் குடுத்தா இந்த மகராசி. கள எடுக்கப் போன எடத்துல நல்ல மழ. தொப்பையா நனஞ்சு வந்து அப்படியே கொடியில போட்டுட்டேன். நாலு நாளு அடமழை. எடுத்துப் பாக்குறேன், மொளச்சுக் கெடக்கு! பச்சையா தலைய நீட்டிக்கிட்டு நிக்குது. எம் மருமக சொல்றா, அத்தை, ஒங்க பக்கத்துல வெளச்சல் நல்லாருக்குன்னு."

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் நாகராசு இருமினான். தெருவில் யாருமில்லை, அவனும் சிரித்ததை மறைக்கப் பார்த்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் மெதுவாகக் கேட்டாள். "அன்பு, அது எப்பிடி இருக்கும்? எடுத்த எடம்."

அன்புமொழி அவளைப் பார்த்தாள். "பாக்குறியா?"

சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் வந்து அரிசிப்பானை மேல் விழுந்தது. அன்புமொழி முந்தானையை எடுத்துவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றினாள். டெய்லர் அளவெடுக்க நிற்பதைப் போலக் கையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாள்.

திலகவதி பார்த்தாள். இவ்வளவு நாள் கண்ணை மூடினால் வந்தது பள்ளம். குழி. ரத்தம். இங்கே தட்டையாக, விலா எலும்பு லேசாகத் தெரிய, குறுக்கே ஒரு கோடு. முந்திரி மூட்டைக்கு வாய் தைத்த மாதிரி. ஓரத்தில் தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஒரு மச்சம்கூட இருந்தது.

"தொடலாமா?"

"தொடு. அங்க மதமதன்னு இருக்கும், எனக்குச் சரியாத் தெரியாது. இங்கிட்டுத் தொட்டா தெரியும்."

திலகவதி கறுத்த நகமுள்ள விரலால் அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை தடவினாள். சூடாக இருந்தது. உடம்பு சூடு.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான். மத்ததெல்லாம் மனசுல. அதுக்கு நாங்க இருக்கோம், நல்லா ஏசி விட்டுருவோம்." அன்புமொழி பட்டனைப் போட்டாள். "அழணும்னா இப்பவே அழுதுரு. அரிசிப்பானை யாருகிட்டயும் சொல்லாது."

கொஞ்ச நேரம் அழுதாள். ரொம்ப நேரமில்லை. இரண்டு பிள்ளைகள் குடித்த மார். ஒன்று நிலைக்கவில்லை, ஒன்று கோயம்புத்தூரில் நிறைமாதமாக இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் நாகராசுவிடம் சொன்னாள்.

"புதன்கிழமை காலைல மொத பஸ்ஸு. பைய எடுத்து வைங்க."

*

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அவன்தான் பை எடுத்து வைத்தான். கோயிலுக்குப் படுக்கப் போவதற்கு முன்னால் வாளி, டம்ளர், போர்வை, ஸ்கேன் கவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். திலகவதி சுவரில் சாய்ந்து மூன்று பந்து டப்பாவின் குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பந்துகூட ஏறல. சிரிப்பு வருது ஒங்களப் பாத்தா."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"போர்வைய நாலு தடவ மடிச்சுட்டீங்க." குழாயை வாயிலிருந்து எடுத்தாள். "ஏங்க. ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லணும். காப்புக் கட்டுன கையோட பொய் சொல்லக் கூடாது. தேதி எப்ப வேணாலும் வரும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

அவன் போர்வையை ஐந்தாவது தடவையாக மடித்தான்.

"தெரியும்."

"காப்பு கட்டுனா ஆஸ்பத்திரிக்குள்ள வரக் கூடாதுன்னும் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப?"

தெருவில் யாரோ மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹலோ ஹலோ என்று யாரோ ஒருவன் உலகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாகராசு போர்வையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"வேண்டுதல் நெசந்தான் புள்ள. அதுல பொய்யில்ல. ஆனா… கை நீட்டுறப்ப இதுவும் மனசுல ஓடுச்சு. ஆபரேசன் வாசல்ல நிக்க வேண்டியதில்லைன்னு. ஒன்னய வெள்ளைத் துணி போத்தித் தள்ளிக்கிட்டுப் போவாக. அந்தக் கதவு சாத்திக்கும். அதப் பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாதுன்னு தெரியும். ஊசியப் பாத்தே விழுந்தவன். ஆத்தா பேரச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு… ரெண்டும்தான் நெனச்சேன். எது மொதல்ல நெனச்சேன்னு எனக்கே தெரியல."

திலகவதிக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. அடுப்பில் சட்டி பிடிக்கும் வேகத்தில் குப்பென்று வந்தது. ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தாள். எதிரே மஞ்சள் வேட்டியில், கழுத்து வேப்பிலை வாடி, போர்வையைக் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். குழாயை வாயில் வைத்து இழுத்தாள். மூன்று பந்தும் ஏறி நின்றன.

"பாத்தீங்களா" என்றாள். "அன்பு சொன்னது சரிதான்."

*

வியாழக்கிழமை முழுவதும் சோதனை. மயக்க டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், படியேறச் சொன்னார், ரத்த அளவைப் பார்த்துத் தலையாட்டினார். ஈரல் வேலை செய்திருந்தது. ராசாத்தி அதைத் தன் சொந்த வெற்றியாக வார்டு முழுக்கச் சொன்னாள். ஒரே நாளில் வார்டிலுள்ள எல்லாருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. எதிர்க் கட்டிலில் ஒரு சின்னப் பெண், குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திலகவதி அவளிடம் போய் முந்திரிப்பருப்பு நீட்டினாள். "வறுத்ததுதான், கரிஞ்சது இல்ல. கரிஞ்சத எங்க வீட்டுக்காரருக்கு வச்சிருக்கேன்" என்றாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் கழித்து எடுத்துக்கொண்டாள். கேழ்வரகு முளைத்த கதையை ராசாத்தி அவளுக்கும் சொன்னாள். இந்தத் தடவை கதிரே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பச்சைச் சட்டை போட்டு, கொலுசைக் கழற்றி, தாலியைக் கழற்றி அன்புமொழியிடம் கொடுத்தாள். வெறும் வயிறு. முதல் ஆளாகக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அவசரக் கேஸ் ஒன்று வந்துவிட்டது. காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தாள். முந்தைய ஆறு மாதமும் அவள் செய்தது அதைத்தான். ஆனால் இந்தக் காத்திருப்பு வேறு மாதிரி இருந்தது. நாக்கு வறண்டது. ராசாத்தி ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"புருசன் எங்கம்மா?" என்றாள் நர்சு.

"வெளிய நிக்கிறாரு. உள்ள வந்தா சாமி குத்தமாம்."

"எங்க?"

அன்புமொழி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். மாடியிலிருந்து ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸும் ஆட்டோவுமாகப் போய்க்கொண்டிருந்ததற்கு நடுவே, மஞ்சள் வேட்டி. டீக்கடைக்காரர் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்திருந்தார் போலிருக்கிறது. வெறுங்காலுக்குத் தார் ரோடு சுடும். அவன் சாக்கில் நிற்காமல் பக்கத்தில் நின்றான்.

திலகவதி எழுந்து மெதுவாக ஜன்னலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவனும் மேலே பார்த்தான். எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் பார்த்தான். அன்புமொழி போனைப் போட்டுத் திலகவதியின் காதில் வைத்தாள்.

"ஏங்க."

"திலகா. கூப்ட்டாகளா?"

"இன்னும் இல்ல. சாப்ட்டீங்களா?"

"நீ வெறும் வயித்துல இருக்கப்ப நான் எங்கிட்டுச் சாப்பிட?" அவன் குரல் கொஞ்சம் தணிந்தது. "புள்ள, நான் உள்ள வரட்டுமா?"

"என்னது?"

"வந்துர்றேன். பெரியண்ணன் மாமாகிட்ட அபராதம் கட்டிக்கிறேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். ஒன்னய தள்ளிக்கிட்டுப் போறப்ப கதவு வரைக்கும் கூட நடந்து வந்துர்றேன். விழுந்தா விழுகுறேன். அங்கதான் கட்டிலு நெறையக் கெடக்கே."

ஊசியைப் பார்த்தே விழுந்தவன். அப்படியும் ஒரு காலை ரோட்டில் எடுத்து வைத்திருந்தான். ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. பஸ் போன பிறகும் அந்தக் கால் அங்கேயே இருந்தது.

வருவான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாசலைத் தாண்டி, படியேறி, வழியில் எல்லாரையும் பார்த்துப் பயந்துகொண்டே வந்துவிடுவான். அது தெரிந்ததும் அவன் வர வேண்டிய அவசியம் போய்விட்டது. பின்னால் ராசாத்தி எதிர்க் கட்டில் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அன்புமொழி தாலியைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க."

"ஏன் புள்ள?"

"உள்ள எனக்கு ஆளு இருக்கு. கத்துறதுக்கு ஒண்ணு, ஏசுறதுக்கு ஒண்ணு. நீங்க அங்கயே நில்லுங்க. நான் வெளிய வர்றப்ப, வெளியன்னு ஒரு ஆளு இருக்கணும்ல? எல்லாரும் உள்ள வந்துட்டா அப்பறம் நான் யாருகிட்ட வர்றது?"

ரோட்டில் வைத்த காலை அவன் பின்னால் எடுத்தான். போனில் ரோட்டுச் சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது."

"பொழுது சாயிறதுக்குள்ள ஊருக்குக் கெளம்பிரணும். காலைல மறுபடி வரணும். அந்தச் சாக்குல ஏறி நில்லுங்க மொதல்ல. கால் வெந்துருச்சுன்னா தீச்சட்டிய யாரு தூக்குறது, நானா?"

அவன் சாக்கில் ஏறி நின்றான்.

தள்ளுவண்டி வந்தது. படுக்கச் சொன்னார்கள். திலகவதி படுத்து, தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டாள். வண்டி நடையில் திரும்பியது. ராசாத்தி ஒரு பக்கமும் தள்ளுகிறவர் மறுபக்கமுமாக நடந்தார்கள். அன்புமொழி மட்டும் ஜன்னல் பக்கமாகவே வந்தாள்.

"நிக்கிறாரா?" என்றாள் திலகவதி.

அடுத்த ஜன்னலில் அன்புமொழி எட்டிப் பார்த்தாள். "நிக்கிறாரு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். "இப்ப?"

நடையில் அதுதான் கடைசி ஜன்னல். அதற்கப்புறம் கதவு.

"நிக்கிறாரு திலகா. டீக்கடைக்காரரு ஏதோ நீட்டுறாரு, மாட்டேங்கிறாரு. இளநீ போலருக்கு. ஆங், வாங்கிட்டாரு."

"குடிக்கட்டும்" என்றாள் திலகவதி. பிறகு தள்ளுகிறவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போங்கண்ணே."